தோற்க முடியாத பாடம்

ஹோமியோபதி கற்பிக்கும் பள்ளிகள் பல, தங்கள் அறிமுக ஏட்டில் இப்போது ஒரு வரியை மறக்காமல் சேர்க்கின்றன: எங்கள் பயிற்சி மாணவரை மையமாகக் கொண்டது. விரிவுரை குறைவு, கலந்துரையாடல் கூடுதல். மனப்பாடம் குறைவு, அனுபவம் கூடுதல். நோயாளியின் முன்னால் சீக்கிரமே உட்காரலாம். இந்தியாவின் ஹோமியோபதி தேசிய ஆணையமும் 2022இல் திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு அந்த வரியோடு சண்டை இல்லை. அதை எழுதியவர்களே அதை முழுதாக நம்ப வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். மாணவர்தான் மையம் என்றால், ஆசிரியர் சொன்னது பிழை என்று கண்டுபிடிக்கும் வழி அந்த மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறதா? பாடமே தோற்றுப்போகக்கூடிய ஒரு சோதனையை அவர் கையில் கொடுக்கிறார்களா? இல்லையென்றால் அவர் மையத்தில் இல்லை. முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கொழும்பு வெள்ளவத்தைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்த ஆபிரகாம் கோவூர் தம் பிற்காலத்தை இங்கே பாமன்கடையில்தான் கழித்தார். 1898இல் திருவல்லாவில் பிறந்து, கல்கத்தாவில் படித்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தவர். அதிபர் ஒரு மிஷனரிப் பாதிரியார். கோவூரும் ஒரு பாதிரியாரின் மகன்தான். ஆகவே முதலாண்டில் வேதாகம வகுப்பும் அவர் தலையில் விழுந்தது. பரீட்சைப் பெறுபேறு மிக நன்றாக வந்தது. ஆனால் அடுத்த ஆண்டு நேரசூசியில் அந்த வகுப்பு அவர் பெயரில் இல்லை. காரணம் கேட்டபோது, பிள்ளைகள் எல்லோரும் சித்தியடைந்தார்கள், கூடவே விசுவாசத்தையும் இழந்துவிட்டார்கள் என்று அதிபர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

இந்தக் கதையைக் கோவூரின் கெட்டித்தனத்துக்காகச் சொல்வார்கள். நான் அந்த அதிபரின் நேர்மைக்காகச் சொல்கிறேன். ஒழுங்காகக் கற்பித்தால் ஒரு பாடம் மாணவனிடம் தோற்றுப்போகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தோற்பதில் அவருக்கு விருப்பமில்லை. வகுப்பை வெளிப்படையாக எடுத்துக்கொண்டார். மாணவர் மையம் என்று பலகை எழுதித் தொங்கவிட்டுக்கொண்டு அதைச் செய்யவில்லை.

ஹோமியோபதியை உருவாக்கிய சாமுவேல் ஹானிமனும் தொடக்கத்தில் கோவூரின் மாணவர்களைப் போன்றவர்தான். தம் காலத்து மருத்துவத்தை அவர் வெறுத்ததற்கு நியாயம் இருந்தது. சிறு கத்தியால் நாளத்தைத் திறந்து இரத்தத்தை வடித்தார்கள், அட்டை விட்டார்கள், பாதரசம் கொடுத்தார்கள். நோயாளியை நோய் விட்டுவைத்தாலும் வைத்தியர் விடமாட்டார். 1790இல் ஒரு மருந்து நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஹானிமன், சிங்கோனாப் பட்டை ஏன் காய்ச்சலைக் குணமாக்குகிறது என்பதற்கு நூலாசிரியர் கொடுத்த விளக்கத்தில் திருப்தியில்லாமல் பட்டையைத் தாமே தின்று பார்த்தார். காய்ச்சல் வந்ததுபோல் உணர்ந்தார். அங்கிருந்து ‘ஒத்ததை ஒத்தது குணமாக்கும்’ என்ற கொள்கைக்குப் போனார். ஒரே ஒரு உடம்பில் கண்டதை உலகத்துக்கே விதியாக்கியது பெரிய தாவல். ஆனாலும் ஆசிரியரை நம்பாமல் தானே சோதித்துப் பார்த்தாரே, அந்தக் குணத்துக்குத் தலைவணங்கலாம்.

1810இல் அவருடைய ‘ஆர்கனான்’ வெளிவந்தது. இன்றும் ஹோமியோபதி வகுப்புகளில் அதைப் பத்தி எண் சொல்லிப் படிக்கிறார்கள். ஒரு விஞ்ஞானப் பாடத்தில் இருநூறு ஆண்டு முந்திய நூலை வரலாறாகப் படிப்பது வழக்கம். இங்கே அதைச் சட்டமாகப் படிக்கிறார்கள். சோதித்துப் பார்த்த மனிதரின் பெயரால் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த வகுப்பில் உட்காரும் பிள்ளை யார் என்று பாருங்கள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படித்துவிட்டு வந்தவர். இரசாயனவியலில் அவகாதரோ மாறிலியைக் கரைத்துக் குடித்தவர்: ஒரு மூலில் 6.022 × 10²³ துணிக்கைகள். ஹோமியோபதியின் ‘30 வீரியம்’ என்பது ஒரு பங்குக்கு 99 பங்கு சேர்த்து நீர்த்து, குலுக்கி, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி நீர்த்து, இப்படி முப்பது தரம் செய்வது. 1க்குப் பின்னால் 60 பூச்சியம். 12ஆம் படியைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது போத்தலில் மிஞ்சியிருக்கும் நம்பிக்கை போய்விடும். 30ஆம் படியில் ஒரே ஒரு மூலக்கூறைக் காண வேண்டுமானால் பூமியின் எடையைப்போலப் பல கோடி மடங்கு தண்ணீரைக் குடிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். ஆனால் போட்டு முடித்ததும் என்ன நடக்கிறது? தண்ணீருக்கு நினைவு உண்டு, குலுக்கலில் சக்தி ஏறுகிறது, விஞ்ஞானம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று பதில் கிடைக்கும். நேற்றுவரை படித்த இரசாயனவியலை வாசலில் செருப்போடு கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறார்கள். இதுவா மாணவருக்குச் செய்யும் மரியாதை?

இருக்கட்டும், கணக்கையும் ஒதுக்கிவைப்போம். குணம் தெரிந்தால் போதும், காரணம் பிறகு வரட்டும் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான வாதம்தான். குணம் தெரிகிறதா என்று பார்ப்போம்.

இந்தப் பயிற்சியில் மாணவர் உண்மையாகவே மையத்துக்கு வரும் இடம் ஒன்று உண்டு: ‘புரூவிங்’ என்ற மருந்துச் சோதனை. நோயில்லாத மாணவர்கள் ஒரு மருந்தை உட்கொண்டுவிட்டுத் தங்களுக்கு என்ன நேர்கிறது என்று நாட்குறிப்பு எழுதுவார்கள். தலைவலி, தாகம், எரிச்சல், கனவு எல்லாம் எழுத வேண்டும். அவை தொகுக்கப்பட்டு அந்த மருந்தின் குணங்களாக ‘மெட்டீரியா மெடிக்கா’ என்ற மருந்துக் குண நூலில் சேரும். பெர்லின் சுவரின் துகளில்கூட இப்படி மருந்து செய்து விற்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தான் கண்ட கனவு நாளை பாடப்புத்தகத்தில் வரும் என்பது எவ்வளவு பெரிய கௌரவம்! ஆனால் ஒரு கேள்வி கேட்க ஆள் வேண்டும்: அந்த வாரம் மருந்தே குடிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கனவு வந்திருக்காதா?

அந்தக் கேள்வியை 1835இல் ஜேர்மனியின் நியூரம்பர்க் நகரத்தார் கேட்டார்கள். உப்பின் 30 வீரியம் எப்பேர்ப்பட்ட விளைவுகளைக் காட்டும் என்று உள்ளூர் ஹோமியோபதி வைத்தியர் ஒருவர் சவால் விட்டிருந்தார். கறிக்குப் போடும் அதே உப்புத்தான். ஹோமியோபதியில் அதன் பெயர் நேட்ரம் மூர், இன்றும் முன்வரிசை மருந்துகளில் ஒன்று. பெப்ரவரி மாதம், ஒரு மதுச்சாலையில் ஆட்கள் கூடினார்கள். நூறு சிறு போத்தல்களைக் குலுக்கிக் கலந்து எண்ணிட்டார்கள். பாதியில் உருகிய பனியின் வெறும் நீர். மற்றப் பாதியில் அதே நீரில் முறைப்படி நீர்த்த உப்பு. எந்த எண்ணில் எது என்ற பட்டியலை முத்திரையிட்டு மூடினார்கள். போத்தலைக் கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. மூன்று கிழமைக்குப் பிறகு ஐம்பது பேர் விவரம் சொன்னார்கள். 42 பேர், ஒன்றுமே இல்லை என்றார்கள். 8 பேர் ஏதோ உணர்ந்ததாகச் சொன்னார்கள். முத்திரையை உடைத்துப் பார்த்தால் அந்த எட்டில் மூன்று பேர் குடித்தது வெறும் பனிநீர்.

ஆய்வுகூடம் இல்லை, பல்கலைக்கழகம் இல்லை, பெரிய பணம் இல்லை. ஒரு நகரத்துச் சாதாரண மனிதர்கள், ஒரு மதுச்சாலை, சில போத்தல்கள், ஒரு மூடிய கடிதம். மரைன் டிரைவ் பக்கத்து மாடிவீடுகளில் சன்னல் கம்பியைத் தின்னும் கடற்காற்றில் இருக்கும் அளவு உப்புக்கூட அந்தப் போத்தல்களில் இல்லை. அப்போது ஹானிமன் உயிரோடுதான் இருந்தார். பள்ளிகள் விரும்பியிருந்தால் இந்தச் சோதனையை அன்றே பாடத்தில் சேர்த்திருக்கலாம். முதலாண்டு முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் பெயரிடாத இரண்டு போத்தல் கொடுத்து, எது மருந்து என்று கண்டுபிடி என்று சொல்லியிருக்கலாம். அதைவிட மாணவர் மையமான பயிற்சி வேறு என்ன இருக்கிறது?

அதே 1835இல் பாரிஸில் பியேர் லூயி என்ற வைத்தியர் இரத்தம் வடிப்பதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நியுமோனியா நோயாளிகளில் எத்தனை பேருக்கு எந்த நாளில் இரத்தம் எடுத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணினார். வைத்தியர்கள் நினைத்திருந்த பலன் எண்ணிக்கையில் தெரியவில்லை. மருத்துவ உலகம் அவரை மாலை போட்டு வரவேற்கவில்லை. முனகியது, எதிர்த்தது, நாள் கடத்தியது. ஆனாலும் முடிவில் கத்தியைக் கீழே வைத்தது. அந்த ஆண்டில் இரண்டு மருத்துவங்களும் எண்ணிக்கையின் முன் நிறுத்தப்பட்டன. இரண்டும் தோற்றன. ஒன்று தோல்வியைக் கற்றுக்கொண்டது. மற்றது எண்ணுவதை விட்டுவிட்டது. ‘மேற்கத்திய மருத்துவமும் பிழை விட்டதுதானே’ என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் பதில் இது. ஆம், விட்டது. தன் பிழையைத் தானே எண்ணிப் பார்த்தது.

ஹோமியோபதி ஆதரவாளர்கள் பெருமையாகக் காட்டும் புள்ளிவிவரம் ஒன்றும் உண்டு. 1854இல் இலண்டனில் கொலரா பரவியபோது அங்கிருந்த ஹோமியோபதி வைத்தியசாலையில் நூற்றுக்குப் பதினாறு பேரளவில்தான் இறந்தார்கள்; மற்ற இடங்களில் பாதிப்பேர். அதை நான் மறுக்கவில்லை. கொலராக்காரனின் உடம்பில் நீரில்லை. அவனிடமிருந்து இரத்தத்தையும் எடுத்து, பேதிக்கும் கொடுத்தால் சாவான். சுத்தமான படுக்கையில் கிடத்தி, தண்ணீரும் சீனியும் கொடுத்துச் சும்மா விட்டால் சிலர் பிழைப்பார்கள். அன்று ஹோமியோபதி வென்றது ஒன்றும் செய்யாததால். ஒன்றும் செய்யாமலிருப்பது மற்றவர்கள் கெடுதல் செய்யும்வரைதான் வெற்றி. அந்த வைத்தியசாலை இருந்த சோஹோ வட்டாரத்தில், அதே நாட்களில், ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் வீடு வீடாகப் போய்ச் சாவுகளை எண்ணி, ஒரு தண்ணீர்க் குழாயைச் சுட்டிக் காட்டினார். கொலராவை விரட்டும் வழி அந்த எண்ணிக்கையிலிருந்து வந்தது.

இனி கொழும்புக்கு வருவோம். மேற்பார்வையுடன் கூடிய கிளினிக் பயிற்சி என்று ஒன்று உண்டு. மாணவர் நோயாளியிடம் கதை கேட்டுக் குறிப்பு எடுப்பார், ஆசிரியர் பின்னால் இருந்து பார்ப்பார். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் காய்ச்சலோடு பிள்ளையைக் கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எலும்பு முறிகிறாற்போல் வலி. மாணவி நன்றாகப் படித்தவள்; அதற்குரிய மருந்து யூபடோரியம் என்று சரியாகச் சொல்கிறாள். ஆசிரியர் தலையசைக்கிறார். சீனிக் குளிசை போகிறது. மூன்றாம் நாள் தாண்டிக் காய்ச்சல் விடுகிறது. மாணவி குறிப்பேட்டில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதுகிறாள். வகுப்பில் பாராட்டு.

டெங்கு என்றால் ஆபத்து தொடங்குவதே அங்கேதான். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த ஒன்றிரண்டு நாட்கள்தான் பிள்ளை பிழைக்குமா என்பதை முடிவு செய்யும். வயிற்று வலி, விடாத வாந்தி, குளிர்ந்த கைகால், சோர்ந்து கிடத்தல் இவை அப்போது வரும் அடையாளங்கள். மாணவி ‘முன்னேற்றம்’ என்று எழுதிய அதே மணித்தியாலத்தில் பிள்ளை வைத்தியசாலைக் கட்டிலில் இருக்க வேண்டும். இதில் மாணவி சோம்பேறியில்லை, ஆசிரியர் கயவரில்லை. பாடம் சொன்னதை இருவரும் பிசகாமல் செய்தார்கள். 2017இல் மட்டும் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இது கற்பனை நோயல்ல. நம் கூரைப் பீலியில் தேங்கும் தண்ணீரில் பிறப்பது.

இந்தப் பாடத்துக்கு ஒரு விசேடம் உண்டு. மருந்து கொடுத்துக் குணமானால் மருந்து வேலை செய்தது. நோய் கூடினால் அது ‘ஆரம்பத் தீவிரம்’. மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஒன்றுமே நடக்காவிட்டால் தெரிவு பிழை. ரெப்பர்ட்டரி என்ற அறிகுறி அகராதியைத் திறந்து அடுத்த மருந்தைப் பார். கொள்கை பிழை என்று முடியக்கூடிய பாதை எங்கும் இல்லை. எந்த விடைக்கும் புள்ளி விழும் சோதனையில் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் வித்தியாசம் இல்லை. தோற்க முடியாத பாடத்தைக் கற்கலாம். அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

கொட்டாஞ்சேனைத் தாய்மார் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவார்கள், இந்துக்களும் போவார்கள். பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் அர்ச்சனையும் செய்வார்கள். கையில் ஒரு நூல், நெற்றியில் திருநீறு, பையில் சீனிக் குளிசை. பிள்ளை எழும்பி விளையாடினால் மூன்று பேருக்கும் பேர். எழும்பாவிட்டால் விதிக்கு. கோவூர் ஒருமுறை கல்கத்தாவிலிருந்து ஊருக்குப் போகும்போது உறவினர்கள் கங்கைத் தீர்த்தம் கேட்டிருந்தார்கள். அவர் வழியில் ஒரு ரயில் நிலையக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தார். பிற்பாடு அந்தத் தீர்த்தத்தால் நோய் தீர்ந்த கதைகள் அவரிடமே வந்து சேர்ந்தன. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நோய் தீர்ந்தது உண்மை, குடித்தது உண்மை. நடுவில் இருந்த ‘ஆல்’ மட்டும்தான் அவர்கள் சேர்த்தது. ‘என் கண்ணால் கண்டேன்’ என்று சொல்லும் ஒவ்வொரு ஹோமியோபதிப் பயனாளியையும் நான் இப்படித்தான் நம்புகிறேன்.

சரி, ஆறுதலாவது கிடைக்கிறதே, பக்கவிளைவும் இல்லையே, விட்டுவிடலாமே என்று என் பகுத்தறிவு நண்பர்களே கேட்பதுண்டு. விளைவே இல்லாததற்குப் பக்கவிளைவு எங்கிருந்து வரும்? அதன் ஒரே பக்கவிளைவு தாமதம். சிட்னியில் 2002இல் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று இறந்தது. நோய், எக்சிமா என்ற தோல் அழற்சி. வைத்தியர்கள் சாதாரணமாகக் கையாளும் நோய். தோல் வெடித்துக் கிருமி புகுந்து இரத்தம் நஞ்சாகும்வரை பெற்றோர் ஹோமியோபதியை நம்பினார்கள். தந்தை ஹோமியோபதி வைத்தியர், அதைக் கற்பித்தவரும்கூட. 2009இல் நீதிமன்றம் இருவரையும் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று தீர்த்தது.

அந்தத் தந்தையை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதி. அவர் ஏமாற்றவில்லை. ஏமாற்றுக்காரன் தன் பிள்ளைக்கு நோய் வந்தால் இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். அவர் முழுமனதோடு நம்பினார். தாம் கற்றதையும் கற்பித்ததையும் தம் குழந்தையின் உடம்பில் பந்தயம் வைத்தார். நம்பிக்கையின் நேர்மை யாரையும் காப்பாற்றாது என்பது இங்கே தெரிகிறது. நான் இதிலிருந்து ஒரு கடினமான முடிவுக்குத்தான் வருகிறேன்: சோதிக்கும் வழி இருந்தும் சோதிக்காமல் நம்புவது ஒழுக்கக்கேடு. அறியாமை என்று அதை மன்னிக்க முடியாது. நோயாளி பிழைத்துக்கொண்டாலும் அது ஒழுக்கக்கேடுதான். இந்தமுறை அகப்படவில்லை என்பது மட்டுமே வித்தியாசம். அந்த நம்பிக்கையை மாணவருக்குப் பயிற்சியாகக் கொடுத்துக் கட்டணம் வாங்குவது அதைவிடப் பெரிய கேடு.

அரசாங்கம் அங்கீகரித்திருக்கிறதே என்பார்கள். உண்மை. இலங்கையில் 1970இலேயே ஹோமியோபதிச் சட்டம் வந்தது. 2016இல் புதிய சட்டம். வெலிசறையில் அரச ஹோமியோபதி வைத்தியசாலையும் இருக்கிறது. கடல் கடந்தால் மதுரை திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி. பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. 2020 ஜனவரியில், கொரோனா வருமுன் காக்க ஆர்செனிக்கம் ஆல்பம் 30 எடுக்கும்படி இந்திய ஆயுஷ் அமைச்சே அறிவுரை சொன்னது. சட்டத்தால் ஒரு சபையை உருவாக்கலாம், பதிவேடு திறக்கலாம், பட்டம் கொடுக்கலாம். காலிப் போத்தலில் மருந்தை உண்டாக்கச் சட்டத்தால் ஆகாது. ஹோமியோபதிக்கு நம்பத்தக்க சான்றுள்ள நோய் என்று ஒன்றுகூட இல்லை என்று அவுஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வுச் சபை 2015இல் முடிவு சொன்னது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவை 2017இல், இனி இதை எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று தன் வைத்தியர்களிடம் கூறியது. 2021இல் பிரான்ஸ் காப்புறுதிப் பணம் கொடுப்பதை நிறுத்தியது. ஹானிமன் கடைசியாக வாழ்ந்து இறந்த நாடு அது.

படித்தவர்கள் நம்புகிறார்களே என்று கேட்டால் அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது: மகேந்திரலால் சர்க்கார். கல்கத்தாவின் முதல் தர எம்.டி.க்களில் ஒருவர், 1867இல் ஹோமியோபதிக்கு மாறினார். ஆனால் அவர் 1876இல் இன்னொன்றும் செய்தார். இந்தியர்கள் தம் கையால் விஞ்ஞானம் செய்யட்டும் என்று ஒரு சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கத்தின் ஆய்வுகூடத்தில்தான் 1928இல் சி. வி. ராமன் நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்பைச் செய்தார். சர்க்கார் மருந்தில் பிழைவிட்டிருக்கலாம். தம் பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய கருவிகளை அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆசிரியர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இனி நம் பக்கம். ஹோமியோபதிக்காரரிடம் போகிறவர்களை முட்டாள் என்று சொல்ல என் வாய் வராது. காலி வீதியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் விசேட வைத்தியரைச் சனல் பண்ணிப் பாருங்கள். பணத்தைக் கட்டி, இலக்கத்தை வாங்கி, இரண்டு மணித்தியாலம் நாற்காலியில் காத்திருந்து உள்ளே போனால், நிமிர்ந்து பார்க்குமுன்னமே துண்டு எழுதியாகிவிடும். மூன்றாவது வசனத்தைச் சொல்ல வாய் திறக்கும்போது அடுத்த இலக்கத்தைக் கூப்பிடுவார்கள். ஹோமியோபதிக்காரர் ஒரு மணித்தியாலம் கேட்கிறார். தூக்கம் எப்படி, எந்தப் பக்கம் படுப்பீர்கள், யாரோடு மனத்தாங்கல், அழுதால் பாரம் இறங்குமா என்று கேட்கிறார். அந்தக் கேள்விகளுக்கு உடம்பு இளகத்தான் செய்யும். அவர்கள் மாணவருக்குக் கற்பிக்கும் அந்தக் கேட்கும் கலை பொன்னானது. கின்சி வீதி மருத்துவ பீடம் அதைக் கடன் வாங்க வேண்டும். ஆனால் நன்றாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் சீனியைக் கொடுத்து இதுதான் மருந்து என்று சொல்வது, கேட்டதற்கெல்லாம் செய்யும் துரோகம். வளர்ந்த மனிதருக்கு ஆறுதலாகப் பொய் சொல்லலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை யார் கொடுத்தது? துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காசைக் கொண்டுவருகிறவருக்குப் போத்தலில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை இல்லையா?

நம் வீட்டுக்குள்ளும் ஒரு குற்றவாளி இருக்கிறார். உயர்தரப் பெறுபேறு வந்த அன்று வெள்ளவத்தை வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை இசட் வெட்டுப்புள்ளிக்கு ஒரு முடி அகலத்தில் மருத்துவ பீடத்தைத் தவறவிடுகிறது. இரண்டு வருடம் வகுப்பு வகுப்பாக ஓடிய களைப்பு இன்னும் ஆறவில்லை. அன்று மாலையே பெரியப்பா கேட்பார்: அப்போ டொக்டராக வேறு வழி இல்லையோ? வேறு வழிகளை வைத்திருப்பவர்கள் அந்தக் கேள்விக்காகத்தான் கடை திறந்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கடையின் உச்சத்தையும் கொழும்பு பார்த்திருக்கிறது. அன்ரன் ஜயசூரிய என்ற வைத்தியர் களுபோவிலவை மையமாக வைத்து, அக்குபங்சர், ஹோமியோபதி முதலியவற்றுக்கு ஒரு திறந்த சர்வதேசப் பல்கலைக்கழகத்தை நடத்தினார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பட்டம் வாங்கிப் போனார்கள். 2019இல் இந்தியாவின் மனிதவள மேம்பாட்டு அமைச்சராகப் பதவியேற்ற ரமேஷ் பொக்ரியால் நிஷாங்கிடம் கொழும்புத் திறந்த சர்வதேசப் பல்கலைக்கழகத்தின் கௌரவ டொக்டர் பட்டங்கள் இரண்டு இருப்பதாகவும், அப்படி ஒரு பல்கலைக்கழகம் நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பதிவில் இல்லை என்றும் இந்தியப் பத்திரிகைகள் எழுதின. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் கல்விக்குப் பொறுப்பான அமைச்சர்! சிரிப்பு வருகிறதா? பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து வேண்டும் என்ற அந்த ஆசை நம் முன்னறையில் மாட்டியிருக்கும் படங்களிலும் இருக்கிறது.

ஆகவே பெற்றோரிடம் ஒன்று சொல்கிறேன். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பதாயினும் கட்டணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் கற்பிப்பது பிழை என்று காட்டக்கூடிய சோதனை எது, அதை என் பிள்ளையைக்கொண்டு செய்விப்பீர்களா? மருத்துவ பீடத்திலும் கேளுங்கள், தாதியர் கல்லூரியிலும் கேளுங்கள். ஹோமியோபதிப் பள்ளியிலும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த இடத்தில் சேருங்கள்.

அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையிடம் மறுபடி வருவோம். டெங்குவுக்கு மேற்கத்திய மருத்துவத்திடமும் நேரடி மருந்து இல்லை. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவது எண்ணிக்கை: பிளேட்லெட் எத்தனை, இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது, சிறுநீர் எவ்வளவு போனது, சேலைன் எவ்வளவு ஏறியது. ஆய்வுகூடத்தில் நடு இரவில் அந்த எண்ணை எடுத்துக் கொடுக்கிறவர் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். கட்டிலருகில் அதை எழுதிக்கொண்டிருக்கிறவர் தாதி. வெட்டுப்புள்ளியைத் தவறவிட்ட பிள்ளைகள் பலருக்கு எட்டக்கூடிய படிப்புகள்தான் இவை. பிழையாக எண்ணினால் காலையில் தெரிந்துவிடும். அதனால் சரியாக எண்ணக் கற்கிறார்கள். ஆனால் இவர்கள் பெயருக்கு முன்னால் டொக்டர் இல்லை. கலியாணப் பேச்சில் இவர்களை ஒரு படி இறக்கிவைத்துவிட்டு, சீனிக் குளிசைக்காரரின் பெயர்ப்பலகைக்கு எழுந்து நிற்கிறோம். ஹோமியோபதிப் பள்ளிகளை உயிரோடு வைத்திருப்பது ஹானிமன் இல்லை. நாம்தான்.